82 கிலோவுக்கு 134 செ.மீ. வேக்போர்டு போதுமா?

படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்கும் பலகைதான் வேக்போர்டு. உங்கள் எடை 82 கிலோ என்கிறீர்கள்; நண்பர் குறைந்த விலைக்குத் தருகிறார் என்பதற்காக அந்த 134 செ.மீ. பலகையை வாங்கிவிடாதீர்கள். உயரம் 170 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இங்கே உயரம் பெரிய விஷயமே இல்லை, எடைதான் கணக்கு. பலகை சிறியதாக இருந்தால் உங்களைத் தாங்கும் பரப்பு குறைவு. தண்ணீரிலிருந்து எழும்போதே பலகை அமுங்கும், கை வலிக்கும், பாதியில் கயிற்றை விட்டுவிடுவீர்கள். நானும் இப்படி ஒரு சின்னப் பலகையோடு மல்லுக்கட்டி, தப்பு என் கால்களில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

82 கிலோவுக்கு 140 முதல் 142 வரை பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் பலகைக்கு எடை வரம்பு கொடுத்திருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுங்கள். பெரிய பலகை கொஞ்சம் மெதுவாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் எழுவது சுலபம், குதித்து இறங்கும்போது அடியும் மெதுவாக விழும். உங்கள் தம்பியும் அதே பலகையில் ஏறுவார் என்றால், உங்கள் இருவரில் எடை கூடியவருக்கு ஏற்றதை வாங்குங்கள்.

அப்புறம், அடிப்பக்க வளைவு ஒரே சீராக இருக்கும் 'கன்டினியூவஸ் ராக்கர்' வகையே முதல் பலகைக்கு நல்லது. மூன்று கட்ட வளைவு உயரமாகத் தூக்கிவிடும், இப்போதைக்கு அது வேண்டாம். விரல் பக்கம் திறந்த பைண்டிங் (காலைப் பலகையோடு பிணைக்கும் காலணி) கிடைத்தால் சரி, தம்பியின் காலுக்கும் பொருந்த வாய்ப்பு அதிகம்.