கண் பார்வை இல்லாமல், மவுஸ் தொடாமல் கணினியில் பாட்டுப் பதிவும் மிக்ஸிங்கும் செய்ய முடியுமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது? குறுக்கு விசைகளை மனப்பாடம் செய்தால் போதுமா?

முடியும். பதிவு மட்டுமில்லை, எடிட்டிங், மிக்ஸிங், கடைசி மாஸ்டர் ஃபைல் வரைக்கும் ஒருவரே தனியாகச் செய்யலாம். நானும் பார்வையற்றவன்தான். வீட்டில் வைத்துப் பாட்டும் பின்னணி இசையும் பதிவு செய்கிறேன். உங்களிடம் விண்டோஸ் கணினி இருந்தால் என் பதில் நேரடியானது: ரீப்பர் என்ற இசைப்பதிவு சாஃப்ட்வேர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், இரண்டையும் இணைக்கும் ஓசாரா என்ற நீட்சி, இந்த மூன்றையும் போடுங்கள். ஓசாராவின் விசைகளில் சில எஸ்டபிள்யூஎஸ் என்ற இன்னொரு இலவச நீட்சியையும் நம்பி இருக்கின்றன, அதையும் சேர்த்தே நிறுவிவிடுங்கள். என்விடிஏ இலவசம், ஓசாராவும் இலவசம். ரீப்பரை எந்த வசதியும் குறையாமல் 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர்.

குறுக்கு விசைகளை மனப்பாடம் செய்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏறக்குறைய எல்லா இசை சாஃப்ட்வேரிலும் குறுக்கு விசைகள் ஏராளம். ஸ்பேஸ்பாரை அழுத்தினால் பாட்டு ஓடும், இன்னொரு விசை ஒரு ட்ராக்கை, அதாவது ஒரு குரலோ வாத்தியமோ தனியாகப் பதிவான வரிசையை, மியூட் செய்யும், இன்னொன்று அழிக்கும். பார்வை உள்ளவர் மியூட் விசையை அழுத்தியதும் எந்த ட்ராக்கில் விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொள்கிறார். தவறான ட்ராக் என்றால் அந்த நொடியே தெரிந்துவிடும். நமக்கு அந்தப் பதில் காதில் வர வேண்டும். எந்த ட்ராக்கில் நிற்கிறேன், அது மியூட் ஆனதா, மியூட்டிலிருந்து வெளியே வந்ததா, இப்போது டெலீட் அடித்தால் போவது ஒரு சிறு துண்டா, முழு ட்ராக்கா? இதையெல்லாம் சொல்லாத சாஃப்ட்வேரில் முந்நூறு ஷார்ட்கட் இருந்தும் பயனில்லை. ஆகவே ஒரு சாஃப்ட்வேரைப் பற்றி விசாரிக்கும்போது "ஷார்ட்கட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "அழுத்தியதும் என்ன நடந்தது என்று சொல்கிறதா" என்று கேளுங்கள்.

பல இசை சாஃப்ட்வேர்கள் ஏன் ஊமையாக இருக்கின்றன? விண்டோஸின் சாதாரணப் பட்டன், பட்டியல், டிக் பெட்டி போன்றவை தங்கள் பெயரையும் நிலையையும் இயங்குதளத்திடம் சொல்லி வைக்கும். ஸ்கிரீன் ரீடர் அதைக் கேட்டு வாங்கி நமக்குப் படிக்கிறது. இசை சாஃப்ட்வேர்களோ திருகு, ஃபேடர், அலைவடிவம் எல்லாவற்றையும் தாங்களே படமாக வரைந்துகொள்கின்றன. அங்கே ஒரு பட்டன் இருக்கிறது என்ற தகவலே இயங்குதளத்துக்குப் போவதில்லை. முழு ஜன்னலும் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் வெற்றிடம். இது ஸ்கிரீன் ரீடரின் குறை கிடையாது, அந்தத் தகவலை நிரல் எழுதியவர் கொடுத்தால்தான் உண்டு.

ரீப்பரும் தன் ட்ராக் பகுதியைத் தானே வரைகிற சாஃப்ட்வேர்தான். ஆனால் அதில் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. அதற்குள் நடக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு செயலும் ஆக்ஷன் லிஸ்ட் என்ற ஒரே பட்டியலில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆக்ஷன்கள், எதை வேண்டுமானாலும் எந்த விசைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது, வெளியிலிருந்து ஒருவர் நீட்சி எழுதி உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளக் கதவு திறந்திருக்கிறது. வின்ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம்தான் ரீப்பரையும் செய்கிறது.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர் ஜேம்ஸ் டே. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-ல் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். அவரும் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து அதற்காக என்வி ஆக்சஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். இருவரும் பார்வையற்றவர்கள். அதே ஜேம்ஸ் டேதான் பிறகு ஓசாராவையும் எழுதினார். ஸ்கிரீன் ரீடரின் உள்ளும் புறமும் தெரிந்த, தானே அதை நம்பி வேலை செய்கிற ஒருவர் எழுதியது என்பது அதைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு இடத்திலும் தெரிகிறது. எதைச் சொல்ல வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்ற நிதானம் அதில் இருக்கிறது.

ஓசாராவை நிறுவும்போது தன் விசை அமைப்பை ரீப்பருக்குள் போடட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். முதலில் கற்க வேண்டிய விசை எஃப் 12. அதை அழுத்திவிட்டால் உதவி முறை வந்துவிடும், பிறகு எந்த விசையை அழுத்தினாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும், செய்யாது. திரும்ப எஃப் 12 அடித்தால் வேலைக்கு வரலாம். ஒரு மாலை நேரத்தை இதற்கே கொடுங்கள். கண்ட்ரோல் டி புது ட்ராக். மேல், கீழ் அம்புக்குறிகளில் ட்ராக் விட்டு ட்ராக் நகர்ந்தால் பெயரும் நிலையும் கேட்கும். எஃப் 5 மியூட், எஃப் 6 சோலோ (அந்த ட்ராக் மட்டும் கேட்கும்), எஃப் 7 பதிவுக்குத் தயார். கண்ட்ரோல் ஆர் பதிவைத் தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்தது, இதே எஃப் விசைகளைக் கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் கிடைப்பது. கண்ட்ரோல் எஃப் 5 அடித்தால் எந்தெந்த ட்ராக்குகள் மியூட்டில் இருக்கின்றன என்று பட்டியல் சொல்லும், எஃப் 6-ம் எஃப் 7-ம் அப்படியே. பதிவைத் தொடங்கும் முன் கண்ட்ரோல் எஃப் 7 அடித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பாடகர் நன்றாகப் பாடி முடித்த பிறகு அது வேறு ட்ராக்கில் ஏறியது தெரிந்து வருந்த வேண்டியிருக்காது.

எடிட்டிங்கும் இதே மாதிரிதான். பல்லவி நடுவே மூச்சுச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது என்று வையுங்கள். பாட்டை ஓடவிட்டு, சத்தம் தொடங்கும் இடத்தில் இடது சதுர அடைப்பு விசை, முடியும் இடத்தில் வலது சதுர அடைப்பு விசை. அந்தப் பகுதி தேர்வாகிவிடும். கையாலேயே இசையோடு சேர்ந்து குறிப்பதால், அலைவடிவத்தைப் பார்த்து மவுஸால் இழுக்கிறவரைவிட நாம் மெதுவானவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வெட்ட வேண்டிய இடத்தில் நின்று எஸ் அடித்தால் துண்டாகும். கண்ட்ரோலோடு இடது, வலது அம்பு அடித்துத் துண்டுகளுக்கு இடையே போகலாம். ஒன்று மட்டும் கவனம்: டெலீட், காப்பி போன்றவை நீங்கள் கடைசியாக நகர்ந்தது ட்ராக்கிலா, துண்டிலா என்பதைப் பொறுத்து மாறும். அழித்ததும் எதை அழித்தது என்று ஓசாரா சொல்லும், அந்தச் சொல்லை முழுவதும் காதில் வாங்கிவிட்டு அடுத்த விசைக்குப் போங்கள்.

நீங்கள் இசைக் கீபோர்டு வாசிக்கிறவர் என்றால், வாசித்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் மிடி எடிட்டரும் உங்களுக்கு ஒத்துவரும். இடது, வலது அம்பில் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அடுத்த கார்டுக்கும், மேல், கீழ் அம்பில் அந்தக் கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்களுக்கும் போகலாம். போகும்போதே அந்த ஸ்வரம் ஒலிக்கும்.

சரி, விசைகளைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஸ்கிரீன் ரீடரின் குரலும் இசையும் ஒரே காதுக்குள் வருகின்றன. தம்புராவின் சுருதி சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது "மைனஸ் ஆறு புள்ளி இரண்டு டெசிபல்" என்று ஒரு குரல் குறுக்கே பேசும். பார்வை உள்ளவருக்குக் காது இசைக்கு, கண் கருவிக்கு. நாம் இரண்டையும் காதாலேயே சமாளிக்க வேண்டும்.

நான் கண்ட வழி, இரண்டையும் வேறு வேறு கருவிகளுக்குப் பிரித்துவிடுவது. என்விடிஏவின் ஆடியோ அமைப்பில் போய் அதன் குரலை மடிக்கணினியின் சொந்த சவுண்ட் கார்டுக்கு அனுப்புங்கள். ரீப்பரை ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஏசியோ டிரைவருக்கு, அதாவது அதைத் தாமதமில்லாமல் இயக்கும் நிரலுக்கு, விடுங்கள். சில ஏசியோ டிரைவர்கள் இன்டர்ஃபேஸைத் தங்களுக்கென்றே பிடித்துக்கொள்ளும். குரலும் அதே வழியாக வந்துகொண்டிருந்தால் ரீப்பர் திறந்ததும் கணினி மொத்தமாக அமைதியாகிவிடும், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. பிரித்து வைத்தால் அந்தப் பயம் இல்லை. மிக்ஸிங் செய்யும்போது இசையை ஸ்பீக்கரில் விட்டு, குரலை எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்போனில் கேட்கிறேன். காது திறந்தே இருக்கும். இது இல்லாவிட்டால் ஒரு காதில் மட்டும் சிறிய இயர்போன் போதும், ஆனால் இடம் வலம் பிரிப்பதை முடிவு செய்யும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பான் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மைக்கில் பாடிப் பதிவு செய்யும்போது ஸ்கிரீன் ரீடரின் குரல் மைக்கில் கலக்கக் கூடாது. மூடிய ஹெட்போன் கட்டாயம். கண்ட்ரோல் விசை நடுவில் பேசும் பேச்சை நிறுத்தும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) எஸ் அழுத்தினால் பேச்சு முறை மாறும், அதில் பேச்சை முழுவதும் நிறுத்தி வைக்கலாம். இன்னும் நல்லது, ரீப்பரின் மெட்ரோனோம் (தாளம் தட்டும் வசதி) அமைப்பில் பதிவுக்கு முன் தாளத்தை எண்ணும் கவுண்ட்-இன் வைத்துக்கொள்வது. "ரெக்கார்டிங்" என்று அது சொல்லி முடிப்பதற்கும் தாளம் எண்ணி முடிவதற்கும் சரியாக இருக்கும், நீங்கள் அமைதியில் எடுப்பைப் பிடிக்கலாம். ஒலி அளவு சிவப்புக்குப் போகிறதா என்று கண்காணிக்க ஓசாராவில் பீக் வாட்சர் இருக்கிறது. நீங்கள் வைத்த அளவைத் தாண்டினால் மட்டும் சொல்லும், மற்ற நேரம் வாய் திறக்காது.

சின்ன யோசனை ஒன்று: ட்ராக் பெயர்களில் வேறுபடும் சொல்லை முதலில் வையுங்கள். "கோரஸ் பெண் முதல் குரல்", "கோரஸ் பெண் இரண்டாம் குரல்" என்று வைத்தால் ஒவ்வொரு அம்புக்கும் "கோரஸ் பெண்" கேட்டுக் கேட்டு அலுத்துவிடும். "முதல் கோரஸ்", "இரண்டாம் கோரஸ்" என்றால் முதல் அசையிலேயே தெரிந்து அடுத்ததற்குத் தாவலாம்.

இனி பிளகின்கள், அதாவது ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்ளும் வாத்தியங்களும் ஒலி விளைவுகளும். இன்றைக்கும் நம்மை அதிகம் தடுப்பது இவைதான். ரீப்பரோடு வரும் ரீஈக்யூ (ஒலியின் தன்மையைத் திருத்துவது), ரீகாம்ப் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) இரண்டும் தொடங்குவதற்குத் தாராளம். வெளி பிளகின்களின் ஜன்னல் படிக்காவிட்டால், ட்ராக்கில் நின்று பி அழுத்துங்கள். அந்த பிளகினின் எல்லா அளவுருக்களையும் ஓசாரா ஒரு பட்டியலாகத் தரும், அம்புக்குறியால் மாற்றலாம். ஆனால் பிளகின் எழுதியவர் ஒழுங்காகப் பெயர் வைத்திருக்க வேண்டும். "பேராமீட்டர் 17" என்று மட்டும் கேட்டால் அது எதிரொலியா ஒலி அளவா என்று எப்படித் தெரியும்? நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு சாம்பிள் தொகுப்பில் (பதிவு செய்த வாத்திய ஒலிகள்) உரிமத்தைப் பதியும் ஜன்னலே படிக்கவில்லை, வாத்தியத்தைத் தொடுவதற்கே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. எனவே எதையும் வாங்கும் முன் டெமோவை இறக்கி, நிறுவுவது முதல் பி பட்டியல் வரை நீங்களே போய்ப் பாருங்கள்.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மேக் இருந்தால் லாஜிக் ப்ரோ அதிலுள்ள வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரோடு நன்றாக வேலை செய்யும், இலவசமான கராஜ்பேண்டில் தொடங்கலாம். ப்ரோ டூல்ஸையும் மேக்கில் பார்வையற்ற ஒலிப்பதிவாளர்கள் தொழிலாகவே பயன்படுத்துகிறார்கள். ஏபிள்டன் லைவ் 2024-ல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் ஸ்கிரீன் ரீடர் ஆதரவைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு குரலைப் பதிந்து வெட்டினால் போதும் என்றால் ஆடாசிட்டியே போதும். இசைக்குறிப்பு எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர். என் அழுத்தினால் எழுதும் முறை, ஏ முதல் ஜி வரை ஸ்வரங்கள், எண் விசைகளில் கால அளவு. 4-ஆம் பதிப்பு வரிசையில் பிரெய்ல் பலகமும் வந்துவிட்டது.

என்விடிஏவைத் தமிழ் இடைமுகத்தோடும் வைத்துக்கொள்ளலாம், அதன் இஸ்பீக் என்ற பேச்சு நிரலில் தமிழ்க் குரலும் உண்டு. ரீப்பருக்குள் மெனுவும் ஆக்ஷன்களும் ஆங்கிலத்தில் இருப்பதால் அங்கே நான் ஆங்கிலக் குரலையே வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த பிளகின் பேசவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், எழுதியவர்களுக்குக் கடிதம் போடுங்கள். ஏராளமான பிளகின்கள் ஜூஸ் என்ற சட்டகத்தில் எழுதப்படுகின்றன. 2021-ல் வந்த அதன் 6.1 பதிப்பிலேயே ஸ்கிரீன் ரீடர் ஆதரவு சேர்ந்துவிட்டது. அதை வைத்துத்தான் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரை அதன் குழு நம் கைக்கு ஏற்றபடி மாற்றியது, ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடிதத்தில் "உங்கள் பிளகின் எங்களுக்கு உதவவில்லை" என்று பொதுவாக எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்த ஸ்கிரீன் ரீடர், டேப் விசையை அழுத்தியபோது என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதுங்கள். நான் எழுதிய ஒரு சின்ன நிறுவனம் அடுத்த பதிப்பிலேயே எல்லாத் திருகுகளுக்கும் பெயர் வைத்துக் கொடுத்தது.