மனச்சோர்வுக்கு மருந்துக்குப் பதிலாகச் சத்து மாத்திரை எடுக்கலாமா?

மருத்துவர் மனச்சோர்வு என்று கூறி எஸ்சிடலோப்ராம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது பழகிவிடுமோ என்ற அச்சத்தால் அதைத் தொடங்காமல் மீன் எண்ணெய், வைட்டமின் டி, பி12, அமுக்கரா (அஸ்வகந்தா) போன்றவற்றைக் கொண்டே சரிசெய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்பதே என் பதில். ஆயினும், உடலில் ஏதேனும் ஒரு சத்து உண்மையிலேயே குறைந்திருக்கும்போது அதை ஈடுசெய்யாமல் மருந்தை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பதும் அரைகுறை வைத்தியம்தான் என்பதால், உங்கள் கேள்வியை ஒதுக்கித் தள்ள மனம் வரவில்லை. நான் மருத்துவன் அல்லன். மன்னார்குடியில் நெடுங்காலம் மருந்தாளுநராகக் கடையில் நின்றவன் என்ற முறையிலும், எங்கள் குடும்பத்திலேயே இந்த நோயைக் கண்டவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு யாரும் மருந்துக்கடைக்கு வருவதில்லை. "உடம்புல தெம்பே இல்ல தம்பி, ஒரு சத்து டானிக் குடுங்க" என்றோ, "நரம்புக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்கா?" என்றோதான் கேட்பார்கள். இதை அறியாமை என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சத்துக் குறைவு என்றால் உறவினரிடம் மறைக்க வேண்டியதில்லை, சம்பந்தம் பேசும் இடத்தில் யாரும் அதைத் துருவிக் கேட்கப்போவதில்லை. மனநல மருத்துவரிடம் போகிறேன் என்று தெருவில் சொல்லத் தயங்கும் ஒருவர், ரத்தம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்தச் சாக்கில் மருத்துவமனைக்குள் நுழைந்தாலும் நல்லதுதான். நுழைந்தவர் டானிக் பாட்டிலோடு திரும்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர்களில் தூக்கமும் பசியும் போய்ச் சத்து மாத்திரை கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாகக் கன்று வைத்து அது காய்ப்புக்கு வரும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்து நின்றவர்களின் சோர்வுக்கு, எந்த வைட்டமின் குறைந்தது என்று நான் சொல்லியிருக்க முடியும்?

எனவே எதையும் வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை ஆகியவை போதும். தனியார் பரிசோதனை நிலையங்கள் விற்கும் எழுபது எண்பது சோதனைகள் கொண்ட தொகுப்பு உங்களுக்குத் தேவையில்லை. இவற்றில் தைராய்டு குறைவு மனச்சோர்வைப் போலவே வேடமிட்டு வரக்கூடியது: மந்தம், உடல் பருத்தல், எதிலும் நாட்டமின்மை, மறதி எல்லாம் அதிலும் உண்டு. அதற்குத் தைராக்சின்தான் மருந்து, எந்தச் சத்து மாத்திரையும் அந்த இடத்தை நிரப்பாது. தைராக்சினை விழுங்கிய 4 மணி நேரத்துக்குள் இரும்புச் சத்து மாத்திரையோ கால்சியமோ எடுத்தால் தைராக்சின் சரியாக உடலில் சேராது என்பதையும், கேட்கப்படாவிட்டாலும், சொல்லி வைக்கிறேன்.

பி12 பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் டெல்டாவில் நான் அதிகம் கண்ட குறைபாடு அதுதான். இந்த வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும். சைவக் குடும்பங்களில் பால் ஒன்றே வழி, அதுவும் காபியில் ஊற்றும் பாலும் நீர்மோரும்தான் என்றால் போதாமல் போகிறது. இதோடு, நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், வயிற்றெரிச்சலுக்கென்று பான்டோப்ரசோலை நிறுத்தாமல் எடுப்பவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மெட்ஃபார்மின் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, அது பெரிய நன்மை. ஆனால் அதை நீண்ட காலமாக உண்பவர் இடையிடையே பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சைவ உணவு, மெட்ஃபார்மின், பான்டோப்ரசோல் மூன்றும் பொருந்தியிருந்தன. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், பிறகு பேச்சைக் குறைத்தார், பிறகு பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். "எனக்கு ஒண்ணுமில்லடா, கை கால்ல சத்தில்ல, அவ்வளவுதான்" என்பார். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் அவர் முற்றத்தைக் கடந்து போனதைப் பார்த்தபோதுதான் பாதங்கள் மரத்திருக்கின்றன என்று எனக்கு உறைத்தது. பி12 அளவு, குறைபாட்டின் எல்லையாகக் கொள்ளும் 200 பிகோகிராமுக்கு (ஒரு மில்லிலிட்டரில்) வெகு கீழே இருந்தது. மருத்துவர் எழுதிய ஊசிகள் தொடர்ந்து போடப்பட்டன, மரத்துப்போன தன்மை குறைந்தது, மறதி நன்றாகவே தெளிந்தது, நடை திடப்பட்டது. ஆனால் துக்கம் அப்படியே இருந்தது. சாப்பாட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். அதன் பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினோம்; செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களில், பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் கணக்கில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். ஊசி வீண் என்று நான் சொல்லமாட்டேன், அது இல்லாமல் கால் தேறியிருக்காது. ஊசி செய்யக்கூடிய வேலை எதுவரை என்பதை மட்டும் இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுத்தால், ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்; ஆகவே பரிசோதனை இல்லாமல் அதையும் வாங்கி விழுங்க வேண்டாம்.

இரும்புச் சத்தைப் பொறுத்தவரை, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. சோகையால் வரும் களைப்பையும் மனச்சோர்வின் களைப்பையும் உடலுக்குள்ளிருந்து பிரித்தறிவது கடினம். மாத்திரை எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் சாப்பிட்டவுடன் டிகிரி காபி, அந்தக் காபியோடே இரும்பு மாத்திரை என்றால், காபியில் உள்ள பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்வதால் பெரும்பகுதி வீணாகப் போகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றோடு எடுப்பது நல்லது. கும்பகோணத்துக்காரரிடம் காபியை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

வைட்டமின் டி குறைந்திருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் ஈடுசெய்யத்தான் வேண்டும். அதனால் மனம் தெளியும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேருக்கு நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டியோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் கவனித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு வருவதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. எங்கள் கடைகளில் விற்பது பெரும்பாலும் 60,000 அலகு கொண்டது, அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதை நாள்தோறும் எடுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். உடலில் தேங்கும் இந்த வைட்டமின் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, அடங்காத தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும்.

உங்கள் பட்டியலில் ஓரளவு ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய்தான், அதுவும் மருந்தோடு சேர்த்து எடுக்கும்போது. அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இ.பி.ஏ. 60 விழுக்காட்டுக்குக் குறையாமல், நாளொன்றுக்கு 1 கிராம் வரை கிடைக்கும்படி கொடுத்த ஆய்வுகளில்தான் பெரும்பாலும் பலன் தெரிந்திருக்கிறது. இப்போது ஒரு டப்பாவை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் 1,000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, மற்றோர் ஒமேகா-3 ஆன டி.எச்.ஏ. 120 மில்லிகிராம் என்று இருக்கும். இ.பி.ஏ. அந்த 1 கிராமை எட்ட நாளுக்கு ஆறு மாத்திரை விழுங்க வேண்டும், ஒன்று விழுங்கிவிட்டு ஒமேகா எடுக்கிறேன் என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. அதே டப்பாவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். சத்துப் பொருள்களின் மீது அது இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அதிக அளவு மீன் எண்ணெயை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நாகப்பட்டினத்திலிருந்து மத்தியும் கானாங்கெளுத்தியும் வந்துகொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டு எண்ணெய் மாத்திரைக்கு இவ்வளவு செலவு செய்வது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. நூறு கிராம் மத்தியில் ஏறத்தாழ 1 கிராம் ஒமேகா-3 இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விலை ஏறும், புரட்டாசியில் பல வீடுகளில் மீனே நுழையாது. மற்ற மாதங்களில் வாரம் இரண்டு முறை குழம்பு வைத்தால் போதும். சைவர்கள் ஆளி விதையைப் பொடித்து உண்கிறார்கள். அதிலுள்ள ஒமேகா-3 உடலில் இ.பி.ஏ.யாக மாறுவது மிகச் சொற்பம் என்பதால், தேவைப்பட்டால் கடல் நுண்பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெயே அவர்களுக்கு வழி.

மாத்திரையைவிட உணவு மேல் என்று பழைய பல்லவி பாடுவதாக நினைக்க வேண்டாம், ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 1,025 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சேர்த்து ஓராண்டு கொடுத்தும் மனச்சோர்வு தடுக்கப்படவில்லை என்று 2019-இல் தெரிய வந்தது. ஆனால் 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மனச்சோர்வுக்கு ஆளான 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரங்கள் உணவுமுறையை மாற்றிக் கொடுத்தபோது, அவர்களில் 32 விழுக்காட்டினர் நோயிலிருந்து விடுபட்டனர். மற்றவர்களில் 8 விழுக்காடுதான். சிறிய ஆய்வு, தனக்கு என்ன உணவு தரப்படுகிறது என்பது உண்பவருக்குத் தெரியும், அவர்களில் பெரும்பாலோர் வேறு சிகிச்சையிலும் இருந்தார்கள் என்ற குறைகளையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, தோசை என்று இருக்கும் நம் தட்டில் கீரையும் பயறும் கடலையும் மீனும் கூடுவதால் நட்டமொன்றும் இல்லை.

அமுக்கராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் உண்டு. மனச்சோர்வு நோய்க்கு அதுவே போதும் என்று காட்டிய வலுவான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. தைராய்டு சுரப்பை அது கூட்டலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தை அதிகப்படுத்தலாம், அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. இணையத்தில் வரவழைத்து எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, 5-எச்.டி.பி. என்ற சத்துப் பொருள் ஆகியவை இதைவிட ஆபத்தானவை. எஸ்சிடலோப்ராமோடு இவை சேர்ந்தால், நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூலிகைதானே என்று இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

இனி நீங்கள் அஞ்சும் மாத்திரைக்கு வருவோம். எஸ்சிடலோப்ராம் தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்ததன்று, அளவை ஏற்றிக்கொண்டே போகத் தூண்டும் போதை அதில் இல்லை. முதல் சில நாள்களில் குமட்டலும் தலைவலியும் சிலருக்கு இருக்கும், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் கைவிடுகிறார்கள். எடுக்கத் தொடங்கிய பின் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும், அதனால் மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். பணம்தான் தயக்கம் என்றால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தாலும், ரத்தப் பரிசோதனைக்கும் முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டிலிருந்தால் அதை வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் அடுத்த முறை செல்லும்போது, இப்போது எடுத்துவரும் சத்து மாத்திரை, சூரணம், லேகியம், சர்க்கரை மாத்திரை அனைத்தையும் அட்டையோடும் டப்பாவோடும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுங்கள். சித்த மருத்துவரிடமும் போவதானால் அவரிடமும் அப்படியே செய்யுங்கள். எது தொடர வேண்டும், எது வேண்டாம், எதை எத்தனை மணி இடைவெளியில் எடுக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள்.