அம்மாவோட கைவீக்கத்துக்கு மாசாமாசம் பெங்களூரு போகணுமா?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 46 வயசு. அஞ்சு மாசமா ரெண்டு கையிலயும் விரல் கணு, மணிக்கட்டு எல்லாம் வீங்கி காலையில கைய மடக்கவே முடியல, மாடு கறக்கறது இப்ப அப்பாதான். இங்க ஒரு கிளினிக்ல வாரம் ஒரு ஊசி போடறாங்க, போட்டா மூணு நாள் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி. ஆர்.ஏ. ஃபேக்டர்னு வாதத்துக்கு எடுக்கற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு. சேலமோ பெங்களூரோ போய் ருமட்டாலஜிஸ்ட்ட, அதான் மூட்டு வாத ஸ்பெஷலிஸ்ட்ட, பாருங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பா தக்காளி மண்டியில லோடு ஏத்தறாரு, ஒரு நாள் போகலன்னா கூலி இல்ல. அண்ணன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான். மாசாமாசம் அலைய எங்களால முடியாது. தர்மபுரியிலயே பாக்க முடியாதா? அம்மா மாட்ட வித்துடலாமான்னு கேக்கறாங்க.

பதில்: உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன்மா. நான் இந்தப் பக்கமே பல வருஷமா பொது மருத்துவம் பாக்கறவன், இதே கேள்விய வாரத்துக்கு ரெண்டு பேராவது எங்கிட்ட கேக்கறாங்க. அதனால முதல்ல நேரடியா பதில சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். ஸ்பெஷலிஸ்ட்ட ஒரு தடவ கண்டிப்பா பாக்கணும், அதுவும் சீக்கிரம் பாக்கணும், ஆனா மாசாமாசம் அங்க போக வேண்டியதில்ல. மாத்திரை வாங்கறது, ரத்தம் குடுக்கறது, செக்கப் இதெல்லாம் தர்மபுரியிலயே நடக்கும், நடக்க வைக்கலாம். முதல் வருஷத்துல மூணு நாலு தடவ போற மாதிரி இருக்கும், நோய் அடங்கின பிறகு பல பேருக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ போதும்.

இப்ப ஏன் சீக்கிரம்னு சொல்றேன். நீங்க எழுதின அடையாளத்த வெச்சுப் பாத்தா இது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸா இருக்க வாய்ப்பு அதிகம், நம்ம பாட்டிங்க சரவாங்கின்னு சொல்வாங்களே அது, புஸ்தகத்துல முடக்குவாதம்னு போட்டிருப்பாங்க. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி சின்ன மூட்டுங்க வீங்கறது, காலையில எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கமா இருந்து வேலை செய்யச் செய்ய இளகறது, இதுதான் அதோட குணம். தேய்மானத்துல வர்ற வலி இதுக்கு நேர் எதிர், வேலை செஞ்சா கூடும், உக்காந்தா குறையும். உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா திரும்பி மூட்டுக்குள்ள இருக்கற சவ்வத் தாக்குது, அந்த சவ்வு தடிச்சு வீங்கி பக்கத்துல இருக்கற எலும்ப அரிக்குது. வீக்கத்த மருந்து போட்டு வடிச்சுடலாம், அரிச்ச எலும்பு திரும்ப வளராது. அதனாலதான் ஆரம்பிச்சு மூணு மாசத்துக்குள்ள சரியான மருந்து தொடங்கணும்னு உலகம் பூரா டாக்டருங்க சொல்றாங்க. உங்க அம்மாவுக்கு அஞ்சு மாசம் ஆயிடுச்சு, அதுக்காக பயப்படாதீங்க, இன்னும் கை கோணல, ஆனா இன்னொரு அஞ்சு மாசம் ஊசியிலயே ஓட்டிடாதீங்க.

அந்த ஊசிய பத்தி கொஞ்சம் வெளிப்படையாவே பேசறேன். மூணு நாள் ஜோரா இருந்து அப்புறம் பழையபடி ஆகுதுன்னா அது பெரும்பாலும் வலி ஊசியோட சேத்து போடற ஸ்டீராய்டு, டெக்ஸான்னு சொல்வாங்க. ஸ்டீராய்டே கெட்டதுன்னு நான் சொல்லல, நாங்களும் ஆரம்பத்துல சில வாரத்துக்கு சின்ன டோஸ்ல குடுப்போம், மெயின் மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்க. ஆனா வாரா வாரம் கணக்கில்லாம போட்டா நோய் உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருக்கும், வெளிய மட்டும் அடங்கின மாதிரி தெரியும், அதோட சுகர் ஏறும், எலும்பு பலவீனமாகும், முகம் உப்பும். என்ன ஊசின்னு அந்த கிளினிக்லயே சீட்டுல எழுதி வாங்குங்க, எழுதித் தர்றது அவங்க கடமை. இன்னொண்ணு, ஸ்டீராய்டு பல வாரமா உடம்புல போயிட்டு இருந்தா திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து, அதனால நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியா குறைங்க. பொட்டலம் கட்டின பேரு இல்லாத மாத்திரை, பொடி ஏதாவது சாப்பிட்டு இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க, பல பொட்டலத்துல இதே ஸ்டீராய்டுதான் இருக்கு.

ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்னு வந்ததுமே நோய் உறுதின்னு நினைக்க வேண்டாம். நோயே இல்லாத சிலருக்கும் அது பாசிட்டிவ் வரும், நோய் இருக்கறவங்க சிலருக்கு நெகட்டிவும் வரும். ஆன்ட்டி சிசிபின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது இன்னும் நம்பகமானது. ஆனா எல்லாத்துக்கும் மேல மூட்ட கையால அமுக்கிப் பாக்கற டாக்டரோட விரல்தான். நம்ம ஊர்ல இன்னொரு பழக்கம் இருக்கு, மூட்டு வலின்னு போனாலே தொண்டைக் கிருமி வந்து போனதக் காட்டற ஏ.எஸ்.ஓ.ன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து, அது கூட இருக்குன்னு மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசின்னு வருஷக் கணக்கா போட்டுட்டு இருப்பாங்க. அது தொண்டைக் கிருமிக்கு அப்புறம் பெரும்பாலும் சின்ன வயசுல வர்ற ருமாட்டிக் ஃபீவருக்கான வைத்தியம், அம்மா மாதிரி 46 வயசுல விரல் வீங்கறவங்களுக்கு அதனால எந்தப் பிரயோஜனமும் இல்ல. இப்படி ரெண்டு வருஷம் ஊசி போட்டுட்டு வந்த ஒரு அக்காவ நான் பாத்தேன், வரும்போதே விரல் எல்லாம் சுண்டு விரல் பக்கமா சாஞ்சுடுச்சு, கடைசி வரைக்கும் அந்தக் கைய என்னால நேராக்க முடியல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

தர்மபுரி கிருஷ்ணகிரின்னாலே இன்னொரு விஷயமும் பாக்கணும், ஃப்ளோரைடு. நம்ம பக்கம் ஆழ்துளை கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கற தண்ணிய பல வருஷம் குடிச்சவங்களுக்கு பல்லுல பழுப்புக் கறை, முதுகு இடுப்பு இறுக்கம், மூட்டு வலி வரும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதுக்காகத்தான். ஆனா வயசானவங்க அதுக்கு முன்னாடி முப்பது நாப்பது வருஷம் போர் தண்ணி குடிச்சிருக்காங்க, சில தோட்டத்து வீட்டுல இன்னமும் குடிக்கறாங்க. இதனால ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது, வாதத்த ஃப்ளோரைடுன்னு விட்டுடறாங்க, ஃப்ளோரைடுக்கு வாத மாத்திரை குடுக்கறாங்க. ஃப்ளோரைடுல விரல் கணு இப்படி மெத்து மெத்துன்னு சூடா வீங்கறது வழக்கமில்ல, முன்கை எக்ஸ்ரே எடுத்தா ரெண்டு எலும்புக்கும் நடுவுல சுண்ணாம்பு படிஞ்சது தெரியும். நீங்க எந்தத் தண்ணி குடிக்கறீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, பெங்களூரு டாக்டருக்கு அது தானா தோணாம போகலாம்.

சரி, இப்ப என்ன செய்யணும். இந்த வாரமே அம்மாவ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, ஓ.பி. சீட்டு வாங்கும்போது பொது மருத்துவம்னு கேளுங்க, மூட்டு வலின்னு மட்டும் சொன்னா எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க, அங்க கூட்டத்துல அரை நாள் போயிடும். கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து படிக்கறவங்களுக்கு, உங்க ஊர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் இதையே செய்யலாம். அங்க ரத்த அணு, உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஈரல், கிட்னி, மஞ்சள் காமாலை பி, சி டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே, ரெண்டு கை எக்ஸ்ரே, இதையெல்லாம் முடிச்சு ஒரு ரெஃபரல் லெட்டரும் வாங்கிடுங்க. இது எல்லாம் கையில இருந்தா ஸ்பெஷலிஸ்ட் முதல் நாளே மருந்து எழுதிடுவாரு. இல்லாம போனா டெஸ்ட் எழுதிக் குடுத்து மறுபடி வரச் சொல்வாரு, உங்க அப்பாவோட இன்னொரு நாள் கூலி அதுலயே போயிடும்.

எங்க போறதுன்னா, உங்களுக்கு சேலம்தான் கிட்ட, தர்மபுரியில இருந்து சுமார் 65 கிலோமீட்டர், தொப்பூர் கணவாய் தாண்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அங்க ருமட்டாலஜிஸ்ட் இருக்காங்க. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரங்களுக்கு பெங்களூரு கிட்ட, செயின்ட் ஜான்ஸ்ல இதுக்கு தனி டிபார்ட்மெண்ட் இருக்கு. கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை ஆளுங்க வேலூர் சி.எம்.சி. போறாங்க, அங்க அப்பாயின்மெண்ட் ஆன்லைன்ல போட்டுட்டுப் போறது நல்லது. காசே செலவு பண்ண முடியாதுன்னா சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில ருமட்டாலஜிக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, தூரம் அதிகம்தான். உங்க அண்ணன் கம்பெனியில தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களான்னு கேளுங்க, மகன் சம்பாத்தியத்த நம்பி இருக்கற பெத்தவங்களையும் அதுல சேக்க வழி இருக்கு, எச்.ஆர்.ல விசாரிச்சா சொல்வாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையில வெச்சுக்கங்க, ஆனா அது பெரும்பாலும் படுத்து பாக்கற வைத்தியத்துக்குத்தான், மாசாமாசம் வாங்கற மாத்திரைக்கு அத நம்பி இருக்காதீங்க.

போகும்போது ஒரு வேலை பண்ணுங்க. காலையில அம்மா எழுந்ததும் ரெண்டு கையையும் போன்ல போட்டோ எடுங்க, ஒரு வாரம் தினமும். நீங்க பஸ் பிடிச்சு வரிசையில நின்னு டாக்டர் முன்னாடி உக்காரும்போது மணி பன்னெண்டு ஆயிருக்கும், வீக்கம் பாதி வடிஞ்சிருக்கும், போட்டோவப் பாத்தா அவருக்கு ஒரு நொடியில புரிஞ்சுடும். அப்புறம் கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க, "சார், எங்களால மாசாமாசம் வர முடியாது, தர்மபுரியிலயே ரத்தம் பாத்துக்கறோம், என்னென்ன டெஸ்ட் எத்தன வாரத்துக்கு ஒரு தடவ, எந்த அளவு வந்தா மாத்திரைய நிறுத்தணும்னு எங்க ஊர் டாக்டருக்கு எழுதிக் குடுங்க." நிறைய பேரு இதக் கேக்க கூச்சப்படறாங்க. இந்த ஒரு பக்கக் கடுதாசி இருந்தா என்ன மாதிரி உள்ளூர் டாக்டருக்கு அந்த மருந்த தொடர தைரியம் வரும், அது இல்லாம நோயாளி வந்து நின்னா பல டாக்டருங்க பயந்துட்டு மருந்தையே நிறுத்திடறாங்க.

மருந்துன்னு பாத்தா பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்ல ஆரம்பிப்பாங்க. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே இருக்கற மருந்து, விலை கம்மி, வாரத்துக்கு ஒரு டீ வடை காசுதான் ஆகும். ஆனா இத வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து, இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா கடையில "தினம் ஒண்ணு"ன்னு சொல்லிக் குடுத்து, வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணு இறங்கி வந்த ஒரு அம்மாவ நானே அட்மிட் பண்ணிப் பாத்திருக்கேன், நல்லவேளை பொழச்சுக்கிட்டாங்க. உங்க ஊர் சந்தை எந்தக் கிழமையோ அந்தக் கிழமைய மாத்திரை நாளா வெச்சுக்கங்க, சந்தைய யாரும் மறக்க மாட்டாங்க. இதோட பக்க விளைவக் குறைக்கற ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை வேற நாள்ல, டாக்டர் சொன்னபடி. ஆரம்பத்துல ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் பாக்கணும், மூணு மாசம் ஓடி நிலையா ஆனதும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ. காய்ச்சல், வாய்ப்புண், விடாத வறட்டு இருமல் வந்தா அந்த வார மாத்திரைய நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க. யூரின் எரிச்சல் சளின்னு வேற டாக்டர்கிட்ட போனாலும் இந்த மாத்திரை பேர சொல்லுங்க, கோட்ரைமாக்சசோல்னு ஒரு ஆன்ட்டிபயாட்டிக் இதோட சேரவே கூடாது. கர்ப்பமாகற வயசுல இருக்கற பொண்ணுங்க இத சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, அவங்களுக்கு வேற மருந்து இருக்கு. ஹைட்ராக்சிகுளோரோகுயின்னு வாதத்துக்கே இன்னொரு மாத்திரை குடுத்தா கண் டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.

நடுவுல சந்தேகம் வந்தா இ-சஞ்சீவனிங்கற அரசு சேவையில போன்லயே இலவசமா டாக்டர்கிட்ட பேசலாம். முதல் தடவ மட்டும் நேர்லதான் போகணும், மூட்ட போன்ல அமுக்க முடியாது.

ஒரு ஆதங்கத்தையும் இங்க எழுதிடறேன். மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கினது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை இன்னைக்கு வீட்டு வாசலுக்கு வருது, பிசியோதெரபிஸ்ட் கூட வீட்டுக்கு வர்றாங்க, எவ்வளவு நல்ல விஷயம். விரல் மடங்காத ஒரு பொம்பள ரெண்டு பஸ் மாறி கம்பியப் பிடிச்சு நிக்க முடியாம தொங்கிட்டுப் போய் வாங்கற வாத மாத்திரையும் அந்தப் பையில வரணும். மாசத்துல ஒரு நாள் ஒரு ருமட்டாலஜிஸ்ட் ரெண்டு மாவட்ட மருத்துவக் கல்லூரிக்கும் வந்து உக்காந்தா, மத்த நாள்ல இங்க இருக்கற நாங்க பாத்துக்க மாட்டோமா? இந்த நோய் ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்குத்தான் ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது, களை எடுக்கற, பால் கறக்கற, பூ கட்டற கைங்க. வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்னு வீட்டுலயே தள்ளிப் போட்டுடறாங்க. கிராம சபையில தண்ணி, ரோடுன்னு கேக்கறோம், இதையும் ஒரு தடவ எழுந்து கேளுங்க.

மாட்ட விக்க வேண்டாம்னு அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. மருந்து ஆரம்பிச்சு முழுசா வேலை செய்ய ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும், அது வரைக்கும் கறவைய அப்பாவோ நீங்களோ பாத்துக்கங்க, அம்மா கைய பச்சத் தண்ணியில ரொம்ப நேரம் வெக்காம, காலையில வெதுவெதுப்பான தண்ணியில முக்கி மெதுவா மடக்கி நீட்டட்டும். மூணு மாசம் கழிச்சு காலையில எடுத்த போட்டோவையும் ரத்த ரிப்போர்ட்டையும் வெச்சு எனக்கு எழுதுங்க, மாட்ட பத்தி அப்ப பேசிக்கலாம்.