மருத்துவக் கழிவில் வளர்ந்தது எந்தப் பூஞ்சை? நுண்ணோக்கியில் உறுதி செய்யும் முறை

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் வாசகர் கேட்டிருக்கிறார்: “மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் சேரும் காயக்கட்டுத் துணி, பஞ்சு ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்துச் சபுராடு அகார் என்னும் பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு தட்டில் கரும்புள்ளிகள் கொண்ட பூஞ்சையும் மற்றொன்றில் நீலப்பச்சைத் தூள் போன்ற பூஞ்சையும் வந்திருந்தன. ஊசியால் எடுத்து லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் வைத்துப் பார்த்தால் சிக்குப்பிடித்த இழைகளும் சிதறிய உருண்டைகளும்தான் தெரிகின்றன. முதலாவதை அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்றும் இரண்டாவதை அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்றும் அறிக்கையில் எழுதலாமா?”

இப்போதைக்கு எழுத வேண்டாம். நிறத்தையும் உருண்டைகளையும் மட்டும் வைத்து இழைப்பூஞ்சைக்குப் பெயர் சொல்ல இயலாது. வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய உருண்டை) எதன்மேல், எந்த வரிசையில், எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பூஞ்சையின் அடையாளம். ஊசியால் கிளறும்போது முதலில் அறுந்துபோவதும் அந்த ஒட்டுதான். ஆகவே உங்கள் சிக்கல் நுண்ணோக்கியில் இல்லை, சிலைடு தயாரிக்கும் முறையில் இருக்கிறது.

முறையைச் சொல்லும் முன் ஒன்றை வலியுறுத்தியே ஆக வேண்டும். வித்து முதிர்ந்த தட்டின் மூடியைச் சாதாரண மேசையில் திறக்காதீர்கள். ஃபியூமிகேட்டஸின் வித்து 2 முதல் 3.5 மைக்ரோமீட்டர் அளவே உள்ளது என்பதால் அது காற்றில் மிதந்து நுரையீரலின் நுண்ணறைகள் வரை சென்றுவிடும். இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்குள் (காற்றை வடிகட்டி விடும் ஆய்வகப் பெட்டி) மட்டுமே தட்டைத் திறக்க வேண்டும். இனி மாதிரி எடுக்கும்போதும் கட்டிவைத்த பையைப் பிரித்துக் கிளறுவதை அறவே தவிர்த்துவிட்டு, பையை அகற்றிய பின் தொட்டியின் உட்புறத்தையும் கழிவு அறையின் பரப்புகளையும் ஈரப்பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுங்கள்.

ஒட்டு அறுபடாமல் பார்ப்பதற்கு எளிய வழி செல்லோடேப். பால்நிற டேப்பில் உருவம் மங்கும் என்பதால் முழுத் தெளிவான டேப்பே வேண்டும். ஒரு விரல் நீளத் துண்டைக் கிடுக்கியால் பிடித்து, அதன் ஒட்டும் பக்கத்தைப் பூஞ்சைத் திட்டின் ஓரத்துக்குச் சற்று உள்ளே மெல்லத் தொட்டு எடுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. திட்டின் நடுப்பகுதியில் வித்துகள் முதிர்ந்து உதிர்ந்துகிடக்கும், வெளி விளிம்பில் வெறும் இழைகளே இருக்கும், நிறம் அப்போதுதான் ஏறத் தொடங்கும் இடைவளையத்தில்தான் தலைகள் (வித்துகளைத் தாங்கும் காம்பின் நுனிகள்) முழுமையாக நிற்கும். தொட்ட இடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் காற்றுக்குமிழ்கள் விலகும். பிறகு சிலைடில் உள்ள சாயச் சொட்டின்மேல் டேப்பைப் பதியுங்கள். முதலில் 10 மடங்கு லென்சில் நல்ல தலை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்பிறகு 40 மடங்குக்குப் போங்கள். சாயம் சேர்க்காத லாக்டிக் அமிலத்தில் இன்னொரு சிலைடும் தயாரியுங்கள். அல்டெர்னேரியா, கிளாடோஸ்போரியம், கர்வுலேரியா போன்ற பூஞ்சைகளின் சுவர் இயல்பிலேயே பழுப்பு நிறம் கொண்டது. நீலச் சாயம் அந்தப் பழுப்பை மறைத்துவிடும்.

இப்போது கரும்புள்ளித் தட்டுக்கு வருகிறேன். இதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் நானும் இதே கரும்புள்ளியைக் கண்டு நைஜர் என்று எழுதி, பின்னர் திருத்த நேர்ந்தது. அது ரைசோபஸ் என்ற வேறொரு பூஞ்சை. வெறும் கண்ணுக்கு இரண்டுமே குண்டூசித் தலை போன்ற கருமைதான். நைஜரின் தலையை நுண்ணோக்கியில் பார்த்தால் கடம்பம்பூவைப் போல இருக்கும்: நடுவே ஓர் உருண்டை, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அடுக்காக நீட்டிய சிறு செல்கள், அவற்றின் நுனியில் சங்கிலியாகக் கரிய வித்துகள். ரைசோபஸில் வித்துகள் வெளியே ஒட்டியிருப்பதில்லை, ஒரு பைக்குள் அடைபட்டிருக்கும். பை உடைந்த பின் உள்ளிருக்கும் குமிழ் சரிந்து, கவிழ்த்த குடை போல நிற்கும். இழையும் வேறுபடும். நைஜரின் இழை மெலிந்து, சீரான குறுக்குச்சுவர்களுடன் இருக்க, ரைசோபஸின் இழை அகன்று, நாடாபோல் மடிந்து, குறுக்குச்சுவர் ஏறக்குறைய இல்லாமலேயே ஓடும். இரண்டு மூன்று நாளிலேயே தட்டை நிரப்பி மூடியைத் தொட்டதென்றால் ரைசோபஸ் வகைதான் என்று பெரும்பாலும் ஐயப்படலாம். மூடியைத் திறக்காமலே தட்டின் ஓரத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். அருகம்புல் கணுவுக்குக் கணு வேர் விடுவதைப் போல, ஓடும் இழையின் கணுவில் கீழே வேரிழைகளும் அதற்கு நேர் மேலே பை தாங்கும் காம்புகளும் தெரிந்தால் ரைசோபஸ். அதன் உறவுப் பூஞ்சையான மியூகரில் வேரிழை இருக்காது. மற்றோர் உறவான லிக்தைமியாவில் வேரிழை இருக்கும், ஆனால் காம்புகள் அதற்கு நேர் மேலே எழாமல் இரண்டு கணுக்களுக்கு இடையில் எழும்.

நீலப்பச்சைத் தட்டில் முதலில் விலக்க வேண்டியது பெனிசிலியம் என்ற பூஞ்சை. அதன் காம்பு உச்சியில் விரல்களாகப் பிரிந்து தூரிகை போல நிற்கும். உப்பிய தலை கிடையாது. ஃபியூமிகேட்டஸின் காம்பு வழவழப்பாக மேலேறி, குடுவை வடிவில் விரியும். அந்தக் குடுவையின் மேற்பாதியில் மட்டும் ஒரே அடுக்காகச் செல்கள் மேல்நோக்கி வளைந்து நிற்பதால், வித்துச் சங்கிலிகள் சேர்ந்து ஒரு தூணாக எழும். உறுதி செய்வதற்கு இன்னொரு தட்டை 50 டிகிரி செல்சியஸில் வைத்துப் பாருங்கள். ஃபியூமிகேட்டஸ் அந்தச் சூட்டிலும் வளரும். 2005இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட அஸ்பெர்ஜில்லஸ் லென்டுலஸ் நுண்ணோக்கியில் ஏறக்குறைய இதே தோற்றம் கொண்டது, ஆனால் அந்தச் சூட்டில் வளராது. இப்படி நெருங்கிய உறவினங்கள் பல உள்ளன; மரபணு வரிசை பார்க்காத வரை “ஃபியூமிகேட்டஸ் இனக்கூட்டம்” என்று எழுதுவதே நேர்மையான முடிவு.

கழிவுத் துணியை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நேரடியாகப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பஞ்சு நாரே பூஞ்சை இழை போலக் கண்ணை ஏமாற்றும். பஞ்சு நார் தட்டையானது. ஈர நாடாவை முறுக்கியதுபோல் இடைவிட்டு இடைவிட்டுத் திருகியிருக்கும், கிளை விடாது. பூஞ்சை இழையின் இரு விளிம்பும் இணையாக ஓடும், ஓரிடத்திலாவது கிளைக்கும்.

டேப்பிலும் தெளிவு கிடைக்காவிட்டால் சிலைடு வளர்ப்பு முறையை நாடலாம். ஒரு சென்டிமீட்டர் அகார்த் துண்டைச் சிலைடில் வைத்து, நான்கு பக்கமும் பூஞ்சையைத் தொட்டு, மேலே கவர் சிலிப் (மெல்லிய கண்ணாடித் தகடு) மூடி, ஈரத்தாள் இட்ட பெட்ரி தட்டில் 25 முதல் 28 டிகிரியில் விட்டால், மூன்று முதல் ஐந்து நாளில் பூஞ்சை கவர் சிலிப்பில் ஒட்டி வளர்ந்திருக்கும். ஆனால் அகாருக்குள் சிவப்பு நிறமி பரவினாலோ, மெதுவாக வளரும் வெண்பஞ்சுத் திட்டாக இருந்தாலோ இதைச் செய்யவே கூடாது. கடும் தொற்றை உண்டாக்கக்கூடிய டாலரோமைசஸ் மார்னெஃபி, ஹிஸ்டோபிளாஸ்மா ஆகிய பூஞ்சைகள் அத்தகைய தோற்றம் கொண்டவை. இரண்டுமே இந்திய நோயாளிகளிடம் கண்டறியப்பட்டவை. தட்டை ஒட்டி மூடி, உரிய வசதியுள்ள பூஞ்சையியல் ஆய்வகத்தைக் கலந்து பேசுங்கள்.

அறிக்கையில் இன்னொரு தட்டின் முடிவும் இடம்பெற வேண்டும். மாதிரி எடுத்த அறையில் அரைமணி நேரம் திறந்துவைத்த வெறும் அகார்த் தட்டில் அதே பூஞ்சைகள் வந்தால், அவை கழிவிலிருந்து வந்தவை என்று சொல்ல இயலாது. கழிவில் ஃபியூமிகேட்டஸ் இருப்பது ஒரு நோயாளிக்குத் தொற்று உள்ளதற்குச் சான்றும் ஆகாது. அதற்கு அந்த நோயாளியின் மாதிரியே வேண்டும். எனினும் ஈரக்கழிவு நாள்கணக்கில் தேங்குகிறதா என்று பார்க்க அது போதுமான காரணம்: 2016 உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உங்கள் வளர்ப்புத் தட்டுகளும் அதே விதிகளுக்கு உட்பட்டவையே. அவற்றை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) கிருமி நீக்கிய பிறகே ஆய்வகத்தை விட்டு வெளியே அனுப்புங்கள்.