மேல்தள வீட்டில் ஐஸ் மேக்கர் நின்றுவிட்டால் எங்கே தேடுவது?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் வசிக்கிறோம். குழாய் இணைப்புள்ள எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் மேக்கர், சில வாரங்களாகச் சிறுசிறு கட்டிகளைத் தந்துவிட்டு, இப்போது அடியோடு நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் ஐஸ் மேக்கரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். கட்டிகள் நிற்பதற்கு முன் சிறுத்துப்போயின என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான செய்தி. மோட்டாரோ மின்பலகையோ கெட்டால், முழு அளவில் விழுந்துகொண்டிருந்த கட்டிகள் பெரும்பாலும் திடீரென்றுதான் நிற்கும். படிப்படியாகச் சிறுத்து, நடுவில் குழிவிழுந்து, பிறகு நின்றிருந்தால், கட்டிகள் உறையும் அச்சுக்குப் போதிய தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றே நான் எண்ணுவேன்.

பழைய வீவக கட்டடங்கள் பலவற்றில் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து தன் எடையால் கீழே இறங்குகிறது. ஆகவே தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் மேல்தள வீடுகளுக்குத்தான் அழுத்தம் மிகக் குறைவு. ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் விடும் வால்வோ, மாடலைப் பொறுத்து, குறைந்தது 20 அல்லது 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தை எதிர்பார்க்கிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைவாக வருவது ஒருபுறம் இருக்க, பலரும் கவனிக்காத இன்னொரு விளைவும் உண்டு: இத்தகைய வால்வு இறுக மூடிக்கொள்வதற்கே தண்ணீரின் அழுத்தம் துணைசெய்வதால், அது போதாதபோது வால்வு சொட்டுச்சொட்டாகக் கசிகிறது, அந்தச் சொட்டுகள் ஃபிரீசருக்குள் நுழையும் சிறு குழாயில் உறைந்து, நாளடைவில் வழியையே அடைத்துவிடுகின்றன. உங்கள் பெட்டியில் நடந்திருப்பது இதுவாகவே இருக்கலாம்.

வடிகட்டியிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அது அடைபட்டால், நல்ல அழுத்தம் உள்ள வீட்டில்கூட இதே அறிகுறிகள் தோன்றும். கதவிலுள்ள தண்ணீர்க் குழாயும் மெலிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். வடிகட்டியைக் கழற்றி, அதன் இடத்தில், வடிகட்டாமலே தண்ணீரைப் போகவிடும் மாற்று அடைப்பானைப் (bypass plug) பொருத்தியதும் ஓட்டம் சீரானால் குற்றவாளி வடிகட்டிதான். நானும் மேல்தளத்தில்தான் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் புதிய வடிகட்டி போட்டதுமே கட்டிகள் பழைய அளவுக்குத் திரும்பின.

பிறகு மின்சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அச்சுக்கு மேலே தண்ணீர் விழும் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே பனி அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரை ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிதுசிறிதாகப் பாய்ச்சிக் கரையுங்கள். தயவுசெய்து கத்தியால் குத்த வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் கிழிந்தால் செலவு பெருகும். வடிகட்டியை மாற்றிய பிறகும் அடைப்பு மீண்டும் மீண்டும் உருவானால், வால்வையும் வீட்டின் தண்ணீர் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். வீட்டுக் குழாய் அமைப்பிலேயே மாற்றம் தேவைப்பட்டால், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

ஃபிரீசரின் வெப்பநிலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைனஸ் 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். அச்சு போதிய அளவு குளிர்ந்துவிட்டதை உணர்கருவி அறிந்த பிறகே இயந்திரம் கட்டிகளைத் தள்ளும்; நம் ஊரின் ஈரக்காற்று, தளர்ந்த கதவு ரப்பர் வழியே புகுந்தால் அந்தக் குளிர் எட்டாமலே போகலாம். கட்டித் தொட்டியின் மேலுள்ள நிறுத்துகம்பி (தூக்கினால் ஐஸ் மேக்கரை நிறுத்திவைக்கும் கம்பி) தூக்கிய நிலையில் சிக்கியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இவை முடிந்தபின் ஒரு முழு நாள் பொறுத்திருங்கள். முதலில் விழும் சில தொகுதிக் கட்டிகளைக் கொட்டிவிடுங்கள். அச்சு நிறையத் தண்ணீர் வந்து, அது நன்றாக உறைந்து, ஃபிரீசரும் போதிய குளிரில் இருந்து, அப்போதும் கட்டிகள் வெளியே தள்ளப்படவில்லையென்றால் வந்தவர் சொன்னது சரி. அந்த நிலையிலும், சோதனைச் சுழற்சியை உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொன்ன பிறகே பாகத்துக்குப் பணம் கொடுங்கள்.