மன்னிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அண்ணன் வீட்டை எழுதிக்கொண்டான். அவனைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. சின்ன விஷயம், விட்டுவிடு என்கிறார்கள்.

பதில்: சின்ன விஷயம் இல்லை தம்பி. மத்தேயு 18-இல் இயேசு ஒரு கதை சொன்னார்: ராஜா ஒரு வேலைக்காரனுக்கு 10,000 தாலந்து, அதாவது அடைக்கவே முடியாத பெருந்தொகை, கடனைத் தள்ளுபடி செய்கிறார். அவனோ தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்கவில்லை. அந்த உடன்வேலைக்காரன் பட்ட கடன் 100 வெள்ளிப்பணம். ஒரு பணம் என்றால் ஒரு நாள் கூலி. மூன்று மாத உழைப்புக்கும் மேல்! இயேசு அதைச் சில்லறை என்று சொல்லவில்லை. நமக்குத் தள்ளுபடியான 10,000 தாலந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

எனக்கும் தம்பியோடு நிலத் தகராறு. ஆறு வருஷம், திருவிருந்துக்கு அவன் இடப்பக்கம் முழங்காலிட்டால் நான் வலப்பக்கம் போவேன். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று வாய் சொல்லும். கண் அவன் முதுகிலேயே இருக்கும். ஒரு ஞாயிறு அந்த வரியில் குரல் அடைத்துவிட்டது. எழுந்துபோய் அவன் பக்கத்தில் முழங்காலிட்டேன். நிலம் இன்னும் அவனிடம்தான். அன்று ராத்திரி தூங்கினேன்.

கேள்வி: மன்னித்தால் மறந்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரை மன்னித்த யோசேப்பு மறக்கவில்லை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று அண்ணன்மாரிடம் நேராகவே சொன்னான்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். மன்னித்து வாழச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள் அம்மா. பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். மன்னிப்பின் பேரில் யாரையும் அடி வாங்க அனுப்பாதீர்கள் என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: வழக்குப் போட்டால் மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிய ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் மகன்கள் பிலிப், திமோத்தியையும் எரித்துக் கொன்றார்கள். மூத்தவனுக்கு வயது 10, இளையவனுக்கு 6. மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் கலக்கக்கூடாது என்றார். வழக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளாடிஸோ கணவர் போன பிறகும் பல வருஷம் பாரிபதாவில் தொழுநோயாளிகளைப் பராமரித்தார். "பழிவாங்குதல் எனக்குரியது" என்பது ரோமர் 12. குற்றவாளியைத் தண்டிக்க அதிகாரி பட்டயம், அதாவது வாள், பிடிப்பது அடுத்த அதிகாரம். சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: லூக்கா 17:3 "மனஸ்தாபப்பட்டால்", அதாவது வருந்தினால், மன்னி என்கிறதே? வருந்தாதவனை ஏன் மன்னிக்க வேண்டும்?

இன்னொருவர்: சிலுவையில் இயேசு "இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டிக்கொண்டபோது அங்கே யார் வருந்தினார்கள்?

பதில்: இரண்டு பேருமே பாதி சொல்கிறீர்கள். பழிவாங்கும் எண்ணத்தை இன்றே விடலாம், அதற்கு அவன் வர வேண்டியதில்லை. பழைய உறவு திரும்ப அவன் வருந்தித்தான் ஆக வேண்டும். வருந்தாதவனிடம் மறுபடி சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மறக்க முடியவில்லையே, என்ன செய்ய?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மறக்க வேண்டாம்.

கேள்வி: மன்னித்தேன், கோபம் திரும்பி வருகிறது.

பதில்: எனக்கும் வரும். அறுப்புக் காலத்தில் அந்த வரப்பில் நடந்தாலே வரும். அங்கேயே நின்று கர்த்தருடைய ஜெபத்தை ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் நடப்பேன்.