அவன் ஏன் இடது கையால் சாப்பிட்டான்?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். 25 வயது மகன் மைனர் லீக் பேஸ்பாலில், அதாவது மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியில், பிட்ச்சர் (பந்து வீசுபவன்). கல்லூரி மூன்றாம் வருடத்திலேயே டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்தார்கள், டிகிரி பாதியில் நிற்கிறது. நான்கு வருடமாகியும், மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ அணியில்தான் இருக்கிறான். கிடைக்கும் சம்பளத்தைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், வரன் எதுவும் அமையவில்லை. போன மாதம் ஒரு நாள் வந்தவன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ரசம் சாதம் சாப்பிட்டான். நல்ல பழக்கமெல்லாம்கூடப் போய்விட்டதே என்று அதட்டினேன். பேசாமல் கையை மாற்றிக்கொண்டான். ஆட்டத்தை விட்டுவிட்டுப் படிக்க வா என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அதை அப்புறம் பார்க்கலாம். அவன் எந்தக் கையால் பந்து வீசுகிறான், அம்மா? வலது கை என்றால் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்த ரசம் சாதம்தான். சொந்தக்காரர்களையும் வரனையும் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். கையைப் பற்றி எழுதியதோ பழக்கம் கெட்டுப்போச்சு என்ற புகார் மட்டும்.

25 வருடம் வலது கையால் சாப்பிட்ட பிள்ளை திடீரென்று கை மாற்றினால் அது திமிரா? முழங்கையை மடக்கி வாய்வரை கொண்டுபோக வலிக்கிறதோ என்று பெற்றவளுக்குத் தோன்ற வேண்டாமா? நான் டாக்டர் இல்லை. ஆனால் பிட்ச்சர்களுக்கு அடிக்கடி தேய்ந்து கிழிவது முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) என்பது அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதற்கு ஆபரேஷன் செய்தார். இன்றும் அந்த ஆபரேஷனுக்கு டாமி ஜான் பெயர்தான். 1976-ல் திரும்பி வந்தவர் 1989 வரை ஆடினார். தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் வலியை வெளியே சொன்னவர்களுக்கு வழி இருக்கிறது.

அவன் சொல்லவில்லை. அணியிடம் ஏன் மறைக்கிறான் என்பது புரிகிறது. டபுள்-ஏவுக்கு மேல் டிரிபிள்-ஏ, அதற்கு மேல் மேஜர் லீக். 2025-ல் அங்கே குறைந்தபட்சச் சம்பளமே 7,60,000 டாலர். இரண்டு படி தூரத்தில் அது தெரியும்போது, கை வலிக்கிறது என்று சொன்னால் அணியிலிருந்து ரிலீஸ் செய்து அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுவான். வீட்டில் ஏன் மறைத்தான்? ‘அப்பவே சொன்னேனே’ என்று நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள் என்றுதான். உங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே வலியை மறைத்துக்கொண்டு, நீங்கள் அதட்டியதும் வலிக்கிற கைக்கே ஸ்பூனை மாற்றியிருக்கிறான். எனக்கு இதை எழுதும்போதே மனசு ஆறவில்லை.

அவன் செய்ததும் தப்புதான், அதை அவனிடமும் சொல்லுங்கள். ஆட்டத்தில் வந்த காயம் என்று இப்போதே அணியின் டிரெய்னரிடம் சொன்னால் ஸ்கேனும் வைத்தியமும் அணியின் பொறுப்பு. மறைத்து வீசி, விக்கெட்டே விழாத பௌலர் மாதிரி தடுமாறி, வெளியே அனுப்பப்பட்ட பிறகு சொன்னால் வழக்காடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022-ல் டபுள்-ஏவில் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 13,800 டாலர்தான். மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து பேசி, 2023-ல் அதை 30,250 ஆக்கினார்கள். இது உழைத்துச் சம்பாதிக்கிற காசு. வரன் பேச்சை இந்த வருடம் நிறுத்தி வையுங்கள். கையில் என்ன கோளாறு என்று தெரியாமல் ஒரு பெண் வீட்டாரிடம் எதைச் சொல்வீர்கள்?

படிப்பா? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கல்லூரிச் செலவை அணி தரும் என்று பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும். ஆட்டத்தை விட்டபின் இரண்டு வருடத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. முடிவு அவனுடையது. ஆனால் இந்த வழி இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டபுள்-ஏவில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆட்டம், திங்கள்தான் ஓய்வு. ஞாயிறு ராத்திரியே கிளம்புங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. ரசம் வைத்து எடுத்துப் போங்கள். வேலை, கல்யாணம் என்று ஒரு வார்த்தை வேண்டாம். ‘கை எவ்வளவு நாளாக வலிக்குது?’ என்று மட்டும் கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.